எக்ஸ்5 பின்பக்க ஏர் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

நீங்கள் கேட்டது இது: 2011 மாடல் பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, ஈ70 வகை, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ராத்திரி நிறுத்தினால் காலையில் பின்பக்கம் இடதுபுறம் டயர்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஏதோ மோட்டார் ஓடி, கொஞ்ச நேரத்தில் வண்டி எழுந்துவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஏர் ஸ்பிரிங்கையும் கம்ப்ரஸரையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். ஸ்பிரிங்கை மட்டும் வீட்டு ஷெட்டில் நானே மாற்றிக்கொள்ளலாமா, மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு முன்னால் வர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: லீக் ஸ்பிரிங்கில்தான் என்று யார் பார்த்துச் சொன்னது? நீங்கள் எழுதியதில் யாரும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஏர் சஸ்பென்ஷன் வேலை பல வருடமாகச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கழற்றி மாட்டுவது இதில் சுலபமான பகுதி. லீக் எங்கே என்று கண்டுபிடிப்பதும், புது ஸ்பிரிங்கில் முதல்முறை காற்று ஏற்றுவதும்தான் ஆட்களைத் தடுமாற வைக்கும்.

வண்டியின் அமைப்பு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஈ70-ல் முன்பக்கம் சாதாரண இரும்புச் சுருள். ஏர் ஸ்பிரிங் இருந்தால் பின்பக்கம் மட்டும்தான். ஸ்பிரிங் தனியாக, ஷாக் அப்சார்பர் தனியாக இருக்கும். சில கார்களில் இரண்டும் ஒரே உருளையாக வரும், அதை வீட்டில் தொட வேண்டாம் என்பேன். உங்களுடையதில் அந்தச் சிக்கல் இல்லை. ஏர் ஸ்பிரிங் என்பது காற்று நிரப்பிய, உள்ளே நூல் இழை வைத்த ரப்பர் உறை. அதன் கீழ்ப்பகுதி மடிந்து ஒரு பிளாஸ்டிக் பிஸ்டன் மேல் உருண்டு உருண்டு ஏறி இறங்கும். ஒரு கம்ப்ரஸர், அதோடு ஒட்டிய டிரையர், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று தனித்தனி சொலினாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) உள்ள வால்வு பிளாக், இரண்டு மெல்லிய நைலான் பைப், உயரம் பார்க்கும் சென்சார்கள், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஒரு கன்ட்ரோல் யூனிட். இவ்வளவுதான்.

வண்டி நிற்கும்போது அந்த இரண்டு சொலினாய்டும் மூடியிருக்கும். அதாவது ஸ்பிரிங்குகள் கம்ப்ரஸரோடும் தொடர்பில்லாமல், ஒன்றோடொன்றும் தொடர்பில்லாமல் தனித்து நிற்கின்றன. கம்ப்ரஸர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் நிறுத்திய வண்டியை அது இறக்காது. இடதுபுறம் மட்டும் இறங்குகிறது என்றால் காற்று போகும் வழி நான்குதான்: இடது ஸ்பிரிங், அதன் பைப், பைப்பை மாட்டியிருக்கும் பிட்டிங், வால்வு பிளாக்கில் இடதுபக்கச் சொலினாய்டு. உங்கள் வண்டியின் வயதுக்கு ஸ்பிரிங்கின் மேல்தான் முதல் சந்தேகம் வரும், அதில் தவறில்லை. ஆனால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். எலி கடித்த பைப்புக்காக இரண்டு ஸ்பிரிங் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் ஷெட்டுகளில் நைலான் பைப்பும் ஒயரும் எலிக்குப் பிடித்த சாமான்.

முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள். சமதரையில் நிறுத்தி, பின்சக்கர ரிம்மின் அடி விளிம்பிலிருந்து நேர்மேலே மட்கார்டு வளைவின் விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். கம்பெனி முறையும் இதுதான். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும், ரிம்மிலிருந்து அளந்தால் அந்தத் தொல்லை இல்லை. அளந்தபின் ஏர் சஸ்பென்ஷனுக்கான ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள், அல்லது பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் கதவைத் திறந்தாலே கன்ட்ரோல் யூனிட் விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும், நிறுத்தி வைத்திருக்கும்போதும் அவ்வப்போது எழுந்து பார்க்கும், அளவு குழம்பிவிடும். மறுநாள் காலை அதே இடத்தில் அளங்கள். இரவுக் குளிரால் இறங்கியிருக்குமோ என்று சிலர் கேட்பார்கள். மாலை 35 டிகிரி, விடியற்காலை 25 டிகிரி என்று வைத்தாலும் காற்றின் கன அளவு சுமார் 3 சதவீதம்தான் சுருங்கும். உயரத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், அதுவும் இரண்டு பக்கமும் சமமாக. ஒருபக்கம் மட்டும் ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்கினால் அது லீக்தான்.

லீக்கைப் பிடிக்க பாத்திரம் தேய்க்கும் லிக்விடைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் போதும். ரப்பரின் நடுப்பகுதியில் தெரியும் மெல்லிய கீறல்களைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மேலோட்டமான வெடிப்பு பல வருடம் காற்றுப் பிடித்து நிற்கும். தேட வேண்டிய இடம் அடியில், உறை பிஸ்டன் மேல் மடிந்து உருளும் அந்த வளையம். தினமும் அதே இடத்தில் மடிந்து நிமிர்வதால், மண்ணும் தூசியும் மடிப்புக்குள் புகுந்து அரைப்பதால், அங்கேதான் இழை தெரியும்வரை தேயும். இதில் ஒரு சூட்சுமம்: வண்டி தாழ்ந்திருக்கும்போது அந்த வெடிப்பு மடிப்புக்குள் சுருண்டு மறைந்துகொள்ளும். அதனால் வண்டி சரியான உயரத்தில் இருக்கும்போது சோப்புத் தண்ணீரை அடியுங்கள், காற்று கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். செல்போனை வீடியோவில் போட்டு, டார்ச்சை எரியவிட்டு, கையை மட்டும் நீட்டி எடுங்கள். காற்றை நம்பி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. ஸ்பிரிங்கில் நுரை வரவில்லையென்றால் மேலே பைப் செருகும் பிட்டிங், பிறகு பைப் போகும் வழி, கடைசியாக வால்வு பிளாக் என்று போகலாம். சென்சாரையும் அதன் சிறிய பிளாஸ்டிக் இணைப்புக் கம்பியையும் ஒரு பார்வை பாருங்கள். அது உடைந்தாலும் வண்டி கோணலாக நிற்கும். ஆனால் ஓடும்போதும் கோணலாகவே இருக்கும். உங்களுடையது ஸ்டார்ட் செய்ததும் நிமிர்ந்துவிடுவதால் அதற்கு வாய்ப்பு குறைவு.

ஸ்பிரிங்தான் என்று உறுதியானால் இரண்டையும் மாற்றுங்கள். ஒர்க்‌ஷாப்காரர் இந்த விஷயத்தில் உங்களை ஏமாற்றவில்லை. இரண்டு ரப்பருக்கும் ஒரே வயது, ஒரே ரோடு. இடது போனால் வலதும் பின்னாலேயே வரும். கம்ப்ரஸர் பற்றி அவர் சொன்னது பாதி நியாயம். டிரையருக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. வண்டி உயரம் குறைக்க காற்றை வெளியே விடும்போதெல்லாம் உலர்ந்த அந்தக் காற்று டிரையர் வழியாகவே திரும்பிப் போய், மணிகளில் தங்கிய ஈரத்தையும் அள்ளிக்கொண்டு போகும். லீக் இருக்கும் வண்டியில் காற்று டிரையர் வழியே திரும்புவதில்லை, ஓட்டை வழியே போய்விடுகிறது. கம்ப்ரஸர் தினமும் புது ஈரக்காற்றை இழுக்கிறது, டிரையர் உலரவே வழியில்லாமல் ஊறிப்போகிறது. கூடவே மோட்டார் அளவுக்கு மீறி ஓடிச் சூடாகிறது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் ரிலே சுவிட்சின் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் ஓடி எரிந்தும் போகும். ஆகவே லீக்கோடு எவ்வளவு காலம் ஓட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது கம்ப்ரஸரின் ஆயுள். அதை நேரில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, என்னாலும்தான். நான் செய்வது என்னவென்றால், ஸ்பிரிங்கை மாற்றும்போது ரிலேயையும் புதிதாகப் போட்டுவிடுவேன், விலை ஒன்றும் பெரிதில்லை. கம்ப்ரஸரை அப்படியே விட்டு, புது ஸ்பிரிங்கோடு வண்டியைச் சிரமப்படாமல் தூக்குகிறதா என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்வேன். பாதியில் நின்று, ஆறியபின் மறுபடி ஓடி, மறுபடி நின்றால் அதற்கு வயதாகிவிட்டது.

வாங்கும்போது ஆர்னாட், டன்லப், கான்டினென்டல் போன்ற பெயர் தெரிந்தவை கிடைத்தால் நல்லது. எதை வாங்கினாலும் ரப்பரில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். அலமாரியில் கிடந்தே கிழடான ரப்பரைப் புதுசு என்று விற்பார்கள். பழைய பிஸ்டனில் வேறு ரப்பர் ஏற்றித் தரும் ரீகண்டிஷன் வகையை நான் வாங்குவதில்லை. மேல்வளையத்தை அமுக்கிப் பிடிக்கும் வேலை சரியாக வந்திருக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

வேலைக்கு உட்காரும் முன் ஆளைக் கொல்லக்கூடிய விஷயத்தைப் பேசிவிடலாம். இந்த வண்டியின் பார்க்கிங் பிரேக் பின்சக்கரத்தில்தான் பிடிக்கிறது. நாலு சக்கர இழுவை வண்டி, கியரை 'பி'யில் (பார்க்) போட்டால் முன்சக்கரமும் பூட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. எக்ஸ்டிரைவ் என்ற இந்த நாலு சக்கர இழுவை அமைப்பில் முன்பக்கத்துக்குச் சக்தியைக் கொடுக்கும் கிளட்ச், என்ஜின் நின்றிருக்கும்போது திறந்தே இருக்கும். கியர்பாக்ஸின் பூட்டு பின்பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்சக்கரம் இரண்டையும் தூக்கிவிட்டால் வண்டியைப் பிடிக்க எதுவுமே இல்லை, லேசான சரிவிலும் முன்சக்கரத்தில் உருண்டு ஸ்டாண்டிலிருந்து விழும். சமமான கான்கிரீட் தரை வேண்டும், முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். பாரத்தைத் தாங்குவது வண்டியின் எடைக்குத் தகுந்த இரண்டு நல்ல ஸ்டாண்டு. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் கூடாது. வீல் போல்ட்டை டயர் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டு, பின்பக்கம் இரண்டையும் தூக்கி, ஜாக்கி பாயின்ட்டின் பக்கத்தில் உள்ள உறுதியான இடத்தில் ஸ்டாண்டு வைத்து, பேட்டரி நெகடிவைக் கழற்றியபின் ஆரம்பியுங்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்பிரிங் கண்முன் தெரியும். கீழே, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மில் உட்கார்ந்திருக்கும், மேலே பாடியில் பிளாஸ்டிக் பூட்டில் சிக்கியிருக்கும். உள்ளே இன்னும் காற்று இருக்கும், டயரில் இருப்பதைவிடக் கூடுதல் அழுத்தத்தில். கண்ணாடி போட்டுக்கொண்டு பைப் பிட்டிங்கைக் கால் திருகு திருகுங்கள், 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வரும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். சத்தம் முற்றிலும் அடங்கும்வரை கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். பிறகு பிட்டிங்கைக் கழற்றி, பைப்பை வெளியே இழுத்து, அதன் வாயில் டேப் ஒட்டிவிடுங்கள், தூசி உள்ளே போனால் வால்வுக்கு ஆகாது. ரப்பரைக் கையால் அமுக்கிச் சுருக்கி, கீழ் முனையை ஆர்மிலிருந்து நெம்பி எடுத்து, மேல்பூட்டை விடுவித்தால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். இடம் போதாமல் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்ற வேண்டி வந்தால், அதற்கு முன் ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கி வையுங்கள். அந்த போல்ட் போனதும் ஆர்ம் சட்டென்று கீழே இறங்கும், பிரேக் ஹோஸும் சென்சார் கம்பியும் இழுபடும்.

எடுத்த ஸ்பிரிங்கைத் தூக்கி எறிய வேண்டாம், மடிப்பை விரித்துப் பாருங்கள். அடியில் சுற்றிலும் ஒரே கோட்டில் வெடிப்பும், சில இடத்தில் வெள்ளை இழையும் தெரிந்தால் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். உறை வழுவழுப்பாக, முழுசாக இருந்தால் புதியதை மாட்டும் முன் பைப்பையும் வால்வையும் மறுபடி சந்தேகியுங்கள்.

உட்காரும் இடங்களில் இருக்கும் மண்ணைத் துடைத்துவிடுங்கள். ரப்பரில் கிரீஸ், டீசல், டபிள்யூடி-40 எதுவும் படக்கூடாது, பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்துவிடும். வழுக்கல் தேவைப்பட்டால் சோப்புத் தண்ணீரே போதும். பைப்பின் பழைய நுனியில் முந்தைய பிட்டிங் கடித்த தடம் இருக்கும். அந்தத் தடம் போகுமளவு கூர்மையான பிளேடால் நேர்குறுக்காக வெட்டுங்கள். கட்டிங் பிளேயரால் வெட்டினால் பைப் நசுங்கி முட்டை வடிவமாகும், அங்கே ஆயுசுக்கும் லீக். பழைய பிட்டிங்கைத் திரும்பப் போடாதீர்கள், புதியது ஸ்பிரிங்கோடு வரும். அதை எவ்வளவு முறுக்குவது என்பதற்கு உள்ளே வைத்திருக்கும் தாளைப் பின்பற்றுங்கள். பித்தளைப் பிட்டிங், பிளாஸ்டிக் மூடி, கொஞ்சம் பலம் காட்டினாலும் உடைந்துவிடும். மாட்டும்போது மேல்முனை 'டக்' என்று பூட்ட வேண்டும், கீழ்முனை குழியில் நேராக உட்கார வேண்டும். உறை திருகியிருக்கவே கூடாது. பக்கவாட்டில் இருக்கும் எழுத்தும் கோடும் நேராக வருகிறதா என்று பாருங்கள். பிழிந்த துணி மாதிரி சாய்ந்திருந்தால் கழற்றி மறுபடி போடுங்கள், திருகலோடு விட்ட ஸ்பிரிங் சீக்கிரமே கிழியும்.

இனி காற்று ஏற்றுவது. புது ஸ்பிரிங்குகள் நாசமாவது பெரும்பாலும் இங்கேதான். காற்றில்லாத உறையின் மேல் வண்டியின் முழு எடையையும் இறக்கினால் உறை உள்பக்கமாகத் தாறுமாறாக மடிந்து பிஸ்டனுக்கும் மேல்தட்டுக்கும் நடுவே நசுங்கும். அப்புறம் காற்று ஏற்றினால் எழும், ஆனால் நசுங்கிய இடத்தில் சில மாதத்தில் போய்விடும். பொருள் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். சரி, தூக்கிய நிலையிலேயே ஏற்றலாம் என்றால் வண்டி ஒத்துழைக்காது. சக்கரம் தொங்கும்போது பாடி ரொம்ப உயரத்தில் இருப்பதாகத்தான் சென்சார் சொல்லும். கன்ட்ரோல் யூனிட் காற்றை இறக்கப் பார்க்கும், அல்லது வண்டி லிஃப்டில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு எதையும் செய்யாமல் இருந்துவிடும்.

சரியான வழி, பி.எம்.டபிள்யூவின் சஸ்பென்ஷன் யூனிட்டோடு பேசக்கூடிய ஸ்கேனர். அதில் இடது, வலது என்று தனித்தனியாகக் காற்று ஏற்றக் கட்டளை கொடுக்கலாம், சக்கரம் தொங்கும்போதே உறையை உருண்டையாக நிரப்பிவிட்டு இறக்கலாம். அக்கம்பக்கத்தில் ஒரு ஸ்கேனர்காரரை அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூப்பிட்டாலும் தகும். ஸ்கேனர் இல்லையென்றால் நான் செய்யும் முறை: சக்கரத்தை மாட்டி, ஸ்டாண்டை எடுத்து, பின்பக்கம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜாக்கியாக வைத்து மெல்ல இறக்குவது. ரிம்முக்கும் மட்கார்டுக்கும் இடையே டேப்பைப் பிடித்துக்கொண்டே இறக்கி, சரியான உயரத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவாக வந்ததும் நிறுத்திவிடுவது. டயர் தரையைத் தொட்டிருக்கும், எடை இன்னும் ஜாக்கியில்தான். இப்போது பேட்டரியை மாட்டி, கதவுகளை மூடி, என்ஜினை ஓடவிட்டால், வண்டி தாழ்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்லும், கம்ப்ரஸர் ஓடும், பாடி தானாக ஜாக்கியை விட்டு எழும். அந்த நேரத்தில் யாரும் அடியில் இருக்கக்கூடாது. கம்ப்ரஸர் நடுவில் நின்றால் சூடு ஆறட்டும் என்று கால் மணி நேரம் விட்டுவிடுங்கள், வண்டியை இறக்கிவிட அவசரப்படாதீர்கள். சென்சாரின் கம்பியைக் கழற்றி கையால் ஆட்டி ஏமாற்றும் வழி ஒன்று வீடியோக்களில் வரும். வேலை செய்யும், ஆனால் எவ்வளவு ஏறியது என்ற கணக்கே இருக்காது, எனக்கு அதில் இஷ்டமில்லை.

எழுந்தபின் பிட்டிங்கில் ஒருமுறை நுரை அடியுங்கள். வீல் போல்ட்டை 140 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள், ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். அன்று இரவு மறுபடி டேப் அளவு, அதே ஃபியூஸ் பிடுங்கிய முறையில். இரண்டு பக்கமும் அசையாமல் இருந்தால் வேலை முடிந்தது. இடது இன்னும் இறங்கினால் பிட்டிங்கையோ வால்வு பிளாக்கையோதான் பார்க்க வேண்டும், புது ஸ்பிரிங்கைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். உயர அளவை மறுபடி பதிவு செய்யும் காலிபிரேஷன் தேவையில்லை, நீங்கள் சென்சாரைத் தொடவில்லையே.

வீல் அலைன்மென்ட்டும் தேவையில்லை. கோணத்தை மாற்றும் எந்த போல்ட்டையும் இந்த வேலையில் இளக்குவதில்லை. ஷாக் போல்ட்டைக் கழற்றியிருந்தால்கூட அது கோணத்தைத் தொடாது. அதன் கடைசி இறுக்கத்தை மட்டும் வண்டி தன் வழக்கமான உயரத்தில் நிற்கும்போது கொடுங்கள், தொங்கும் நிலையில் இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும். பின்டயர் ஏற்கெனவே உள்பக்கமாகத் தேய்ந்திருந்தால், அது இத்தனை நாள் தாழ்ந்த உயரத்தில் ஓடியதன் விளைவாக இருக்கலாம். அப்படியானால் புது ஸ்பிரிங்கில் சில நூறு கிலோமீட்டர் ஓடவிட்டு, உயரம் நிலையாக நிற்கிறது என்று தெரிந்தபின் அலைன்மென்ட் கொடுங்கள்.